பழவேற்காட்டில் முதல் அடி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அவமானத்தை முதலில் எழுதித் தொலைத்துவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு வரைக்கும், முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது, சைக்கிள்காரர்கள் போடுகிற பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். உட்காருகிற இடத்தில் இருக்கவேண்டிய மெத்தை தொப்பைக்குக் கீழே. மெத்தை வைத்தே இந்த இடி இடிக்கிறதே, மெத்தை இல்லாமல் ஓட்டுகிறவனெல்லாம் என்ன பிறவியோ என்று வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தேன். மீன் மார்க்கெட்டில் இறங்கியதும் இறால் விற்கிற அம்மா ஒருத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், தலகாணிய முன்னாடி கட்டிக்கினு வந்துகீற? எவனாச்சும் ஒதைப்பான்னு பயமா?"

மார்க்கெட்டே சிரித்தது. ஜெகன் போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டுவிட்டான்.

இந்த நோட்டு சர்க்கரை டாக்டர் சொல்லி வாங்கியது. தினமும் சாப்பிடுவதை எழுத வேண்டுமாம். இட்லி நான்கு. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் எனக்கு.

ஜெகன் எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன். நான் ஸ்டோர். அவன் வாங்குவான், நான் அடுக்குவேன், அந்த ஒரு உறவில் மச்சான். அவனுக்கு இப்போது புதுக் கிறுக்கு. சென்னைக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து பழவேற்காட்டைச் சுற்றிக்காட்ட வேண்டும். காரில் வந்து, இறால் வறுவல் தின்றுவிட்டு, காரில் போகிற மாதிரி இல்லை. சைக்கிள் மிதித்து ஊருக்குள் வரணும், நடந்து பழைய கல்லறை, கலங்கரை விளக்கம் பார்க்கணும், துடுப்பு போட்டு ஏரியில் இறங்கணும். காற்றடிக்கிற படகு இரண்டு வாங்கிவிட்டான். ஏரியில் சுற்றுலாப் படகு கூடாது என்று பலகை இருக்கிறதே என்றேன். "காத்தடிச்சா அது படகு இல்ல மச்சான், பலூன்" என்றான். வெள்ளோட்டத்துக்கு நானும் மோசஸும். மோசஸ் கிரேன் ஆபரேட்டர், பன்னிரண்டு வருஷ சிநேகிதன், என் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே நல்லவன்.

திரும்பும்போது திருப்பாலைவனம் பக்கம் ஒரு லாரியின் கண்ணாடி ஜெகனின் ஹேண்டில்பாரை உரசிவிட்டது. லாரிக்காரர் டீக்கடையில் நிறுத்தினார். ஜெகன் இறங்கினான். சைக்கிள் பம்பைக் கழற்றினான், அவர் மண்டையில் போட்டான். காதோரம் ரத்தம் கழுத்துக்கு இறங்கி, சட்டைக் காலரில் தேங்கி நின்றது. சைக்கிள் பம்புக்கு ரத்தம் வரும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டில் மனைவி திலகவதியிடம் சொல்லும்போது லாரிக்காரர் கையில் ஸ்பேனர் இருந்தது. உண்மையில் பன்னு. பன்னு என்றால் கதை நிற்காது.

ஜனவரி 6

உட்கார முடியவில்லை. ஸ்டோரை நின்றபடியே ஆண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சட்டை சரியாகப் போட்டேன். இன்றைக்கு நடை.

டச்சுக்காரர் கல்லறையில் மண்டையோடும் எலும்புமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செத்தவன் வீட்டு வாசலில் இவ்வளவு கலைநயம். ஜெகன் ஒரு எலும்புக்கூட்டின் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, "முன்பு, பின்பு" என்று விளம்பரப் படம் எடுத்தான். எலும்புக்கூடுதான் 'பின்பு'. இவனோடு சைக்கிள் மிதித்தால் அப்படி ஆகலாமாம்.

பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கம் வரை நடந்தோம். வழியில் ஒரு குப்பம். அங்கேதான் லோகுவைப் பார்த்தோம். நாற்பது வயசிருக்கும், ஒல்லி, வலையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஏரிக்குள் வரிசையாக நட்டிருந்த கழிகளைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றான்.

"ஆழமா?" என்று கேட்டேன்.

"ஆழம் இன்னா ஆழம், இடுப்பளவு. அது பாடு அண்ணாத்த. வலை கட்ற எடம். இன்னிக்கு ஒருத்தன் முறை, நாளைக்கு இன்னொருத்தன் முறை. ஊர்ல சீட்டு எடுத்து வெச்சிகீறோம். எனக்கு அடுத்த ஞாயித்துக்கெளம. அத்த வுட்டா திரும்ப வர ரெண்டு வாரம் ஆவும்."

ஜெகன் சிரித்தான். "தண்ணியில இன்னாபா முறை? பஸ்ல கர்சீப் போட்டு சீட் புடிக்கற மாதிரி?"

லோகு கோபப்படவில்லை. "அந்த மாதிரிதான். ஆனா பஸ்ல அடிச்சிக்கலாம். இங்க அடிச்சிக்க முடியாது. தண்ணி மேல எவன் மொதல்ல கை நீட்றானோ அவன் முறை போச்சு, சீசன் பூரா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஊர்க்கட்டு."

கை நீட்டினால் அபராதம் இல்லை, ஜெயில் இல்லை. மீன் இல்லை. எங்கள் கம்பெனியில் இந்தச் சட்டம் வந்தால் ஜெகன் பட்டினி கிடந்தே செத்துவிடுவான். இதை அப்போதே சொன்னேன். லோகு விழுந்து விழுந்து சிரித்தான். வெற்றிலைக் கறை இல்லாத சுத்தமான பல். அவன் மனைவி கங்கம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். சாப்பிட்டதை எழுதினால் டாக்டர் படுத்துவிடுவார்.

ஜனவரி 19, ஞாயிறு

வருகிற வழியில் டீக்கடையில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சொன்னதையே எழுதுகிறேன், மறுபடி யோசிக்கத் தெம்பு இல்லை.

ஏழரைக்குத் தண்ணீரில் இறங்கினோம். பூநாரைகள் கிழக்கே மேய்கின்றன என்று மோசஸ் ஒரு படகை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். இன்னொரு படகில் முன்னால் ஜெகன், பின்னால் நான். லோகு அவன் பாட்டில் தனியாக நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் சொன்ன ஞாயிறு. அவன் முறை.

ஜெகனுக்குக் கழிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற மாதிரி வீடியோ வேண்டும். வேண்டாம் என்றேன். போனான். துடுப்பு வலையில் மாட்டியது. இழுத்தான், வரவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அறுத்தான்.

"டேய்! டேய்! அறுக்காதடா! என் முறைடா இன்னிக்கு!" லோகு படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். வலைக்குள் இருந்ததெல்லாம் வெள்ளி வெள்ளியாகத் துள்ளி வெளியே ஓடியது.

"அறுத்தா இன்னாடா? ஏரி உங்கப்பன் ஊட்டுதா?"

லோகு தள்ளுகிற கழியைத் தலைக்கு மேல் தூக்கினான். ஒரு சத்தம் போட்டான், மனுஷச் சத்தம் இல்லை. கழி ஜெகனின் தோளில் இறங்கியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நான் அந்தப் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஜெகன் துடுப்பை வீசினான். கழியில் பட்டு, துடுப்பின் அலகு முறிந்து பறந்தது. மிச்சமிருந்த அலுமினியக் குழாயை ஈட்டி மாதிரி குத்தினான். லோகுவின் இடது கண். ஸ்டோரில் ரேக்கின் மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டி விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அது. அவன் கையால் முகத்தைப் பொத்தினான், விரல் சந்தெல்லாம் வழிந்தது. ஜெகன் நிறுத்தவில்லை. உட்கார்ந்தவனின் தலையில் இன்னும் இரண்டு. லோகு தன் படகுக்குள்ளேயே மடங்கினான்.

கையால் தண்ணீரைத் தள்ளிக் கரை சேர்ந்தோம். கால் மணி நேரத்தில் யாரோ லோகுவின் படகைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். குப்பமே வந்தது. ஜெகனை முடியைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு படகின் விளிம்பில் அவன் வலது கையை நீட்டிவைத்து, ஒருவர் ஏறி மிதித்தார். நானும் அடி வாங்கினேன். விலாவில் ஒரு உதை, முதுகில் இரண்டு. கும்பிட்டேன், அழுதேன், சர்க்கரை இருக்கிறது என்றேன். சர்க்கரைக்காரனை அடிக்கக்கூடாது என்று எந்த ஊர்க்கட்டிலும் இல்லை போல.

கங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புடவை முன்பக்கம் முழுக்க லோகுவின் ரத்தம். என் கன்னத்தில் அறைந்தாள்.

"பாத்துகினு தானே இருந்த? வாய்ல இன்னாயா வெச்சினு இருந்த? ஒரு கொரல் குடுத்திருக்கலாம் இல்ல?"

அந்த ஒன்றுதான் இன்னும் வலிக்கிறது. மற்றதெல்லாம் உடம்பு.

ஜனவரி 20

டீக்கடையில் இன்றைக்கு என்னை மறுபடி சொல்லச் சொன்னார்கள். கரண்டியை வாங்கிக் கழியாக வைத்து நடித்தேன். லோகு தூக்கின இடத்தில் மாஸ்டரே பால் பொங்கவிட்டுவிட்டார். என்ன பிறவி நான்? கன்னத்தில் விரல் தடம் போகவில்லை, அதற்குள் கரண்டியைத் தூக்கியாயிற்று.

பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜெகன். கையில் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். கட்டிலைச் சுற்றி அவன் மைத்துனன் விமலும் ஆட்களும். விமல் எளாவூரில் லாரிகளுக்கு லோடு ஏற்ற ஆள் அனுப்புகிறவன். ஆள் அனுப்புவது அவன் தொழில், எதற்கு என்று கேட்கமாட்டான்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. எவன் மொதல்ல அடிச்சது?" என்றான் விமல்.

சொன்னேன். லோகு சத்தம் போட்டது, கழி, தோள். ஜெகன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ சொல்றது நல்லாகீது மச்சான். அதையே சொல்லு. எங்க கேட்டாலும் அதையே."

விமல் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். "நைனா, வண்டி ரெண்டு வேணும்" என்று கேட்டது காதில் விழுந்தது. சரக்குக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுவது எவ்வளவு சுலபம்.

ஜனவரி 21

ஸ்டேஷனில் வாக்குமூலம். இரண்டு பக்கமும் புகார். குப்பத்தில் யாரும் சண்டையைப் பார்க்கவில்லை, லோகுவுக்கு நினைவு திரும்பவில்லை. ஆக நான் ஒருவன்தான் சாட்சி. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் போட்டி இல்லை.

"நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"முன்னாடி ஜெகன், பின்னாடி நான்."

எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து, "நேர்ல பாக்கற மாதிரியே சொல்றீங்க" என்றார். பெருமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வாசித்துக் காட்டியபோதுதான் உறைத்தது: அவன் தாக்கினான், இவன் தடுத்தான். அவ்வளவுதான் அதன் சாரம். கண் என்ற சொல் கடைசி வரியில் வருகிறது.

திலகவதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நான் ஒண்ணு சொல்லட்டா? எந்தக் கதையா இருந்தாலும் நீங்க நட்டநடுவுல நிக்கறீங்க. இதுல போலீஸ் இருக்குது. பாத்து."

"நடுவுல இருந்தவன் நடுவுலதான் நிப்பான்" என்றேன்.

ரசம் இரண்டு கரண்டி. சோறு அளவோடு.

ஜனவரி 23

மதியம் மோசஸ் போன் செய்தான். அவனுக்கு டூட்டி இல்லை. "விமல் ரெண்டு வண்டி நெறைய ஆளுங்களோட குப்பத்துக்குப் போறான். கோடாலி, கம்பி எல்லாம் எடுத்துனு போறானுங்க. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா நிறுத்துவான். வா, ரெண்டு பேரும் போலாம்."

வயிறு சரியில்லை என்றேன்.

"மணவாளா."

"நெஜமாவே சரியில்ல மோசஸ்."

வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. ஆறு படகைப் பிளந்துவிட்டார்கள். வலைகளை ஒன்றாகக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். நைலான் எரிந்து உருகிச் சொட்டுச் சொட்டாக, வலையை இழுக்கப் போன பெண்கள் காலில் விழுந்ததாம். தடுக்க வந்த ஒருவருக்கு முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. லோகுவின் படகைக் கோடாலியால் வெட்ட வந்தபோது மோசஸ் குறுக்கே போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டானாம். ஓங்கினவர் ஓங்கினதை இறக்கிவிட்டார்.

வலது கை. இரண்டு விரல் இல்லை.

ஜனவரி 24

கிரேன் லீவர் வலது கைக்கு.

ஜனவரி 25

மோசஸைப் பார்த்தேன். கட்டு பெரிய குத்துச்சண்டைக் கையுறை மாதிரி இருந்தது. அதைச் சொல்லவந்து விழுங்கினேன். முதல் தடவையாக ஒரு ஜோக்கை விழுங்கினேன், மாத்திரை மாதிரி தொண்டையிலேயே நின்றது.

கண்ணைத் திறக்காமலே பேசினான். "உன்னை ஒண்ணு கேக்கறேன். லோகு தான் மொதல்ல அடிச்சானா?"

"ஆமா."

"அவனா? அந்த ஆளு வாயத் தொறந்தா கூட அதிர்ந்து வராதே. ஜெகன் எந்நேரமும் கைய ஓங்கிக்கினு சுத்தறவன்."

"நான் கண்ணால பாத்தேன் மோசஸ்."

"அப்ப சரி. நெஜமான சண்டையில நடுவுல போனேன், வெரல் போச்சு. அவ்ளோதான்." பிறகு, "இல்லன்னா தாங்காது எனக்கு" என்றான்.

அவன் மனைவி விக்டோரியா எனக்கு ஒரு ஆப்பிள் அறுத்துக் கொடுத்தாள். தின்றேன்.

பிப்ரவரி 1

லோகுவுக்கு நினைவு வந்துவிட்டதாம். கண்ணை எடுத்துவிட்டார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னார்களாம். அன்றைக்கு வலை கட்டப் போனது வரைக்கும் நினைவு இருக்கிறது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை, சுத்தமாக இல்லை.

கேட்டதும் முதலில் எனக்கு வந்தது என்ன? நிம்மதி. எழுதி வைக்கிறேன், யாராவது துப்ப வேண்டுமானால் இடம் தெரியட்டும்.

பிப்ரவரி 4

கம்பெனி குரூப்பில் இரண்டு கட்சி. ஜெகனுக்காக உண்டியல், மோசஸுக்காக உண்டியல். கேன்டீனில் இரண்டு கட்சியும் தட்டால் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு உதடு நாலு தையல். சாம்பார் வாளி என் பக்கமாக வந்தது. குனிந்தேன். எனக்குக் குனிய நன்றாக வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குப்பத்தில் பேச்சுவார்த்தை. இரண்டு பக்கமும் வழக்கை வைத்துக்கொண்டு அலைய முடியாது, ஊரில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று அவர்கள் பெரியவர்களே சொல்லியனுப்பினார்கள். விமல் வந்தான். சாட்சி நான். சைக்கிளில் போகவில்லை, ஷேர் ஆட்டோ.

கரையில் கருகின வலை இன்னும் தார் மாதிரி மணலில் ஒட்டிக் கிடந்தது. பிளந்த படகுகளைக் குப்புறக் கவிழ்த்திருந்தார்கள். பெரியவர்கள் அப்பாவு என்பவரைப் பேசவிட்டார்கள்.

"படகு, வலை, வெரலு, கண்ணு, அதெல்லாம் அப்பறம். எங்களுக்கு மொதல்ல ஒண்ணு தெரியணும். அன்னிக்குப் பாடு லோகுவோடது. தண்ணி மேல எவன் மொதல்ல கை நீட்டனது? வெளியாள்னா, அவனுங்க இனிமே இந்தத் தண்ணியில கால் வெக்கக்கூடாது. எங்காள்னா, எங்க கட்டு எங்களுக்கு."

லோகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் பஞ்சு, பிளாஸ்திரி. மீதிக் கண் என்னைத் தேடியது, கழுத்தை முழுசாகத் திருப்பித் தேடியது. அவனுக்கு இன்னும் ஒற்றைக் கண் பழகவில்லை.

"அண்ணாத்த, எனக்கு ஒண்ணும் ஞாபகம் வர்ல. ஜெகன் சாரு சொல்றத நான் நம்பல. நீ அன்னிக்கு எங்கூட்டாண்ட சிரிக்க சிரிக்கப் பேசிகினு இருந்த ஆளு. நீ சொல்லு. நானா மொதல்ல அடிச்சேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்கம்மா பின்னால் நின்றிருந்தாள். விமல் இருமினான்.

சொல்லலாம். ஒரு வாய் திறப்பு. டீக்கடை, ஸ்டேஷன், மோசஸின் கட்டில், எல்லா இடத்திலும் சொன்னதை எப்படி வாபஸ் வாங்குவது? கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய் வாக்குமூலத்துக்கு என்ன தண்டனை என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அதுவும் இல்லை காரணம். மோசஸ். 'இல்லன்னா தாங்காது எனக்கு' என்றானே. இல்லை, அதுவும் இல்லை. எழுதும்போதாவது—

"நீதான் லோகு" என்றேன். "கழியத் தூக்கன. நான் பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்தான். தடுமாறினான், பக்கத்தில் இருந்தவர் பிடித்தார்.

"அப்ப தப்பு என்னுது. சீசன் பூரா என் முறைய வுட்டுட்றேன். கேஸையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

கங்கம்மா பாய்ந்து வந்தாள். என்னிடம் இல்லை, அவனிடம். நடுச்சபையில் புருஷனின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். "நீ அடிக்கல! எனக்குத் தெரியும்யா! ஊட்ல ஒரு நாய அடிச்சதில்ல நீ! எவனோ சொன்னா ஒத்துக்குவியா?" பெண்கள் பிடித்து இழுத்தார்கள். பிடித்தவர்களையும் அடித்தாள், ஒருத்திக்கு மூக்கு உடைந்தது. லோகு அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு, "கூட இருந்தவரு சொல்றாரு கங்கா, கூட இருந்தவரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

முடிந்தது. விமல் படகுகளைச் சரிசெய்து தருகிறான். வெளியாள்கள் கழிகளுக்கு இந்தப் பக்கமே துடுப்பு போடலாம். வழக்குகள் வாபஸ். அப்பாவு என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா இன்னும் நாலு தல உருண்டிருக்கும்" என்றார். மோர் கொடுத்தார்கள். ஒரு டம்ளர், உப்பு போட்டது.

பிப்ரவரி 13

கம்பெனி கேட்டில் புதுசாகக் கூட்டிப் பெருக்க ஆள் போட்டிருக்கிறார்கள், கான்ட்ராக்ட். நீலக் கோட்டு, தலையில் துண்டு. பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, கங்கம்மா. லோகு படகில் ஏறினால் தூரம் தெரியாமல் கால் தவறுகிறானாம், முறையும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். செக்யூரிட்டி சொன்னான்.

என் காலடியில் பெருக்குமாறை நிறுத்தினாள்.

"கால தூக்கு" என்றாள்.

தூக்கினேன்.

பிப்ரவரி 14

பின்கேட் வழியாகப் போனேன். அரைக் கிலோமீட்டர் சுற்று. டாக்டர் சந்தோஷப்படுவார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெகன் வீட்டுக்கே வந்துவிட்டான், ஒரு கை கழுத்தில் மாட்டின துணித் தொட்டிலில். அடுத்த ஞாயிறு சென்னையிலிருந்து முதல் கோஷ்டி வருகிறதாம், எட்டுப் பேர். சைக்கிள், நடை, துடுப்பு. "இப்போ ஊர்க்காரனே பர்மிஷன் குடுத்துட்டான் மச்சான், எல்லாம் உன்னாலதான்." மோசஸை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. மோசஸ் என் போனை எடுப்பதில்லை, அதையும் சொல்லவில்லை.

எனக்கென்று ஒரு பார்சல் கொண்டுவந்திருந்தான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட். இருக்கிறதிலேயே பெரிய சைஸ், சொல்லி வரவழைத்ததாம். திலகவதி முன்னாலேயே போட்டுப் பார்க்கச் சொன்னான். கொக்கி மூன்றும் மாட்டிக்கொண்டன.

"பாத்தியா? இந்தவாட்டி நீயும் தண்ணியில எறங்கலாம்" என்றான்.

திலகவதி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஜனவரி 19 அன்று இருந்த ஜாக்கெட்டில் ஒரு கொக்கிகூட என் வயிற்றுக்கு எட்டவில்லை. ஜெகன் தனியாகத்தான் போனான். நான் கருவேல மரத்தடியில் மூன்று சைக்கிளுக்கும் காவலாக, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடை தின்றுகொண்டிருந்தேன்.